பன்னிரண்டாவது பெயர்

மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் அடித்துக்கொள்கிறார்கள் என்பதை மாவுக்கட்டுக்காரர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எலும்பைப் பார்த்தாலே போதும். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தால், தலையில் விழ வந்த தடியைக் கை தூக்கித் தடுத்திருக்கிறார்கள். "கதவு இடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்களுக்கெல்லாம் அந்த எலும்புதான் முறிந்திருக்கும். இந்த ஊரில் கதவுகளெல்லாம் மேலிருந்து கீழே விழும் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு விரல்கணுவை ஒட்டி மடங்கியிருந்தால், யாரையோ குத்தியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் சுவரை. சுவரைக் குத்துகிறவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்தர்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த கட்டுப் போடும் அறையில் அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு நீள மேசை, ஒரு ஸ்டூல், ஒரு வாளித் தண்ணீர், மாவு ஏற்றிய துணிச்சுருள்கள் அடுக்கிய அலமாரி, தரையெங்கும் கரடுதட்டிப்போன வெள்ளை. டாக்டர் எலும்பை இழுத்து நேராக்க வேண்டும், இவர் கட்டுப் போட வேண்டும் என்பது விதி. இவரே இழுத்து இவரே கட்டுவார், டாக்டர் கையெழுத்துப் போடுவார் என்பது நடைமுறை. இழுக்கும்போது அவருடைய அம்மாவையும் அக்காவையும் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். சிலர் கடிப்பார்கள். ஒருவன் நல்ல காலால் அவர் அடிவயிற்றில் உதைத்து அலமாரியில் கொண்டுபோய்ச் சாத்தியிருக்கிறான். எல்லாம் முடிந்ததும் அவர் கையைக் கழுவிக்கொண்டு எல்லோரிடமும் ஒரே வாக்கியம் சொல்வார்: "முடிஞ்சது. பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி."

உதைத்தவனிடமும் சொன்னார். அவன் அழுதுவிட்டான்.

நன்றி சொல்வது அவருக்குத் தொழிலல்ல, ஊழியம். தொழில் முடிந்து வெள்ளை மாவோடு சபைக்குப் போனால் அங்கே அவர் நன்றியுரைக்காரர். சபையில் கூட்டம் என்று ஒன்று நடந்தால் கடைசியில் நன்றியுரை உண்டு. நன்றியுரை என்றால் இருபத்தாறு வருஷமாக அவர்தான். எக்ஸ்ரே படம் வரும் பழுப்புக் கவரின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். கேட்பவர்களுக்கு அது ஒரு பட்டியல். அவருக்குத்தான் தெரியும், அது வெடிமருந்து.

யாரை முதலில் சொல்வது, யாருக்கு "மனமார்ந்த" போடுவது, அப்படிப் போட்டால் அடுத்தவருக்கு "இதயங்கனிந்த" போட்டாக வேண்டும் என்பதையெல்லாம் அவர் அடிபட்டுக் கற்றுக்கொண்டவர். அடிபட்டு என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. மின்விசிறி கொடுத்த குடும்பத்தை ஒரு வருஷம் விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி விசிறிகளைக் கழற்றினார். தடுக்கப் போன சபை மூப்பரின் காது மடலில் ஆறு தையல். ஊழியத்துக்குக் காசோ படிப்போ வேண்டாம், தாழ்மையும் நன்றியும் இருந்தால் போதும் என்று மேடையில் சொல்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அந்த இரண்டையும் போல ரத்தம் பார்த்த சாமான் சபையில் வேறில்லை.

இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டியலில் வராத பெயர் ஒன்று உண்டு. நன்றி சொல்கிறவன் தனக்கே எப்படி நன்றி சொல்வான்? வேறு யாரும் சொல்லவும் முடியாது. அவர் உட்கார்ந்ததும் முடிவு ஜெபம், பிறகு எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்படவில்லை என்பதை மனைவியிடம் வாரத்துக்கு ஒருமுறை சொல்வார்.

சபைக்குப் புதிய மண்டபம் கட்டும்போதுதான் கிரேன் வந்து சேர்ந்தான். சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். ஆளும் அந்த அளவுதான், பெயரும் அதுவே ஆகிவிட்டது. ஆராதனைக்கு வருவது அபூர்வம், வந்தாலும் கடைசி வரிசை, வாயில் பாக்கு. ஒரு விடுமுறை நாளில் யார்டிலிருந்து வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மண்டபத்துக் கூரைக்கான இரும்பு உத்தரங்களைச் சும்மாவே தூக்கிக் கொடுத்தான். மூன்றாவது உத்தரத்தில் கம்பிக் கயிறு வழுக்கியது. இறங்கி ஓடிவந்து கொக்கியைத் திருப்பப் போனான். ஒன்றரை டன் இரும்பு ஒரு சாண் நகர்ந்தது. அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற மாவுக்கட்டுக்காரர்தான் அவனுடைய இடது கையுறையைக் கழற்றினார். மோதிரவிரல் கையுறைக்குள்ளேயே தங்கிவிட்டது.

வார்டில் அவன் கண்விழித்தபோதும் அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, விரல் போனா போகட்டும். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுப்பா."

"திறப்பு விழால நீங்கதானே பேர் வாசிப்பீங்க? என் பேர ஒரு தடவ மைக்ல சொல்லுவீங்களா? எங்க மாமனார் காதுல விழணும். பன்னெண்டு வருஷமா அந்த மனுஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'அது வந்துச்சா', 'அது சாப்பிட்டுச்சா'ன்னுதான் கேப்பாரு."

"கண்டிப்பா சொல்றேன். மனமார்ந்த போட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்தச் சமயத்தில் உண்மையாகத்தான் சொன்னார்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போதகர் ஒரு சட்டம் போட்டார். போதகர் இளைஞர், தாழ்மையில் மிகவும் தேறியவர். முன்வரிசையில் உட்கார மாட்டார். மாலை போட வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்வாங்குவார், புகைப்படக்காரர் வந்து சேரும்வரை பின்வாங்கிக்கொண்டே இருப்பார்.

"ஐயா, இந்தத் தடவ பெரிய லிஸ்ட் வேண்டாம். பன்னெண்டே பேர். சீடர் கணக்கு. மனுஷனுக்கு மகிமை போகக் கூடாது பாருங்க."

"பன்னெண்டு போதாதே பாஸ்டர். ஜன்னல் கொடுத்தவங்களே ஒம்போது பேரு."

"தாழ்மையைக் கத்துக்கட்டும். முக்கியமா என் பேர வாசிக்கவே கூடாது. ரொம்பக் கட்டாயம்னா, 'தன் பெயரை வாசிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்ட போதகருக்கு'ன்னு வேணா சொல்லிக்குங்க."

அதற்கு ஒரு இடம் போய்விட்டது. மீதி பதினொன்று. கான்ட்ராக்டர், தலைமையாசிரியர், இந்த இருவரில் ஒருவரைச் சொல்லி மற்றவரைச் சொல்லாவிட்டால் மண்டபம் நிற்காது. அப்படி இப்படிச் சேர்த்துப் பதினொன்றுவரை நிரம்பியது. பன்னிரண்டாவது இடத்தில் கிரேனின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி விழா இனி அவர் காலத்தில் வரப்போவதில்லை. பிறகு மறுபடி பேனாவை எடுத்தார்.

மறுநாள் காலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, சட்டைப் பையில் இருந்த கவரை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் கிரேன் தம்பி பேர ஏன் எடுத்துட்டீங்க?"

"இடமில்ல."

"பன்னெண்டாவதா 'எளியவன் ஒருவனுக்கும்'னு போட்டிருக்கு. யாரு அந்த எளியவன்?"

"ஒரு ஊழியக்காரன்."

"நம்ம வீட்லதான் குடியிருக்கானா?"

அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். "அவன் குடிப்பான்டி. பீடத்துலேர்ந்து ஒரு குடிகாரன் பேரச் சொல்றது சரியில்ல. நானே யோசிச்சுத்தான்..."

"விரல எடுக்கும்போது குடிகாரன்னு தெரியலயாக்கும்" என்றாள். இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

விழாவன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். பன்னிரண்டு பெயர்தான் என்று போதகர் முதலிலேயே அறிவித்திருந்ததால், நன்றியுரை தொடங்கியதும் ஐந்நூறு பேர் கை விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்கள். கிரேனும் எண்ணினான், அவனுக்கு ஒன்பது விரல்தான், பத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சலவைச் சட்டை, பாக்கு இல்லாத வாய், பக்கத்தில் புதுப் புடவையில் மனைவி. மாமனாருக்குக் காது மந்தம். அவரை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, இரண்டடி தூரத்தில் உட்கார வைத்திருந்தான்.

பதினொன்று முடிந்தது. மாவுக்கட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நிறைவாக, இருபத்தாறு ஆண்டுகளாக எதையும் எதிர்பாராமல் இந்த நன்றியைச் சொல்லிவரும் எளியவன் ஒருவனுக்கும் உங்கள் சார்பில் நன்றி."

எங்கோ ஒருவர் இருமினார். ஒரு பெண் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அமைதியில் மாமனாரின் குரல், காது மந்தமானவர்களுக்கே உரிய கம்பீரத்தோடு எழுந்தது: "முடிஞ்சிருச்சா? அது பேரு வரும்னுச்சே, எப்ப வரும்?"

கிரேன் எழுந்தான். நிதானமாக நடந்து மேடைக்கு வந்தான்.

"அண்ணே, ஒரு பேரு விட்டுப்போச்சு."

"அப்புறம் பேசிக்கலாம் தம்பி. ஜெபம் இருக்கு."

"ஜெபம் இருக்கட்டும். இப்பச் சொல்லுங்க. மைக்ல."

அந்த இடத்தில் பெயரைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாவுக்கட்டுக்காரர் மைக்குக்குள்ளேயே, கனிவாக, "போய் உக்காருப்பா. ஊழியத்துக்குத் தாழ்மை வேணும்" என்றார்.

தாழ்மை என்ற சொல் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் போய் அடங்கவில்லை, அதற்குள் கிரேனின் வலது கை வந்து சேர்ந்தது. மைக் வாய்க்கு நேரே இருந்ததால் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் ஒரு முறிவு கேட்டதாகத்தான் பிறகு சொன்னார்கள். விழுந்துகொண்டிருக்கும்போதே மாவுக்கட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது, இரண்டு. ஒன்று தன்னுடைய கன்னத்து எலும்பு. இன்னொன்று அவனுடைய சுண்டுவிரலுக்குக் கீழே.

மாவுக்கட்டுக்காரரின் மச்சான் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிக் கிரேனின் முதுகில் இறக்கினான். ஸ்டாண்டு வளைந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது பின்னாலிருந்து ஒரு ஊன்றுகோல் வந்து அவன் உச்சந்தலையைப் பிளந்தது. மாமனார்! "எங்க வீட்டு மாப்பிள்ளையையாடா அடிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்று வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக 'அது' மாப்பிள்ளையாகிவிட்டதைக் கிரேன் கவனிக்கவில்லை. அவன் மச்சானின் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தான்.

இதற்குள் கான்ட்ராக்டர், சண்டையை விலக்குகிறேன் என்று தலைமையாசிரியரின் மூக்கில் முழங்கையால் இடித்தார். பட்டியலில் இரண்டாவதாக வந்ததை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர், பூச்சாடியை எடுத்தார். அதன்பின் பக்கம் பிரிந்தது. நாற்காலிகள் பறந்தன, ஐந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்தது யார் யோசனை என்று பிற்பாடு கேட்டார்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கான்ட்ராக்டரின் அண்ணன் மகன் மெழுகுவர்த்தித் தண்டை வைத்து ஒருவன் முழங்காலை அடித்து உட்கார வைத்தான். இரண்டு பெண்கள் ஒருவர் கூந்தலை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆளுக்கொரு பாட்டின் வேகத்தில் சுற்றினார்கள். யாருடைய பல்லோ காணிக்கைத் தாம்பாளத்தில் விழுந்து நாணயம் போல ஒலித்தது. பீடத்து வெள்ளைத் துணியில் தலைமையாசிரியரின் மூக்கு ரத்தம் ஒரு முழ அகலத்துக்குப் பரவியது.

போதகர் அன்றுதான் முதல்முறையாக முன்வரிசைக்கு வந்தார். ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் விரித்து, "சமாதானம்! சமாதானம்!" என்றார். யாரோ அந்த நாற்காலியையும் தேவைப்பட்டு எடுத்துக்கொண்டார்கள். அவர் தோள்பட்டை தரையில் பட விழுந்தார்.

மொத்தம் பதினொரு நிமிஷம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாவுக்கட்டுக்காரர் தன் ஷிப்டுக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம், ஒரு கண் மூடிப்போய், முகத்தின் ஒரு பாதி அடுத்தவருடையது போல வீங்கியிருந்தது. கன்னத்து எலும்புக்கு மாவுக்கட்டுப் போட முடியாது என்பதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆனால் அன்று விடுப்பில் இருந்த இன்னொரு ஆளைக் கூப்பிட நேரமில்லை. வெளியே பெஞ்சில் சபையே உட்கார்ந்திருந்தது. இரு கோஷ்டியும் ஒரே பெஞ்சில், நல்ல கையால் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு.

வந்த வரிசைப்படிக் கூப்பிட்டார். மனமார்ந்த, இதயங்கனிந்த எதுவும் இல்லை. தலைமையாசிரியருக்கு முன்கை, தடுத்த எலும்பு. கான்ட்ராக்டருக்கு இரண்டு விரல். மாமனாருக்கு மணிக்கட்டு, ஆனால் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. "முடிஞ்சது. பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். வீங்கிய வாயில் பாதிதான் வெளியே வந்தது. போதகருக்குக் காறை எலும்பு. அதற்கு முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு தோளையும் பின்னால் இழுத்து, எட்டு மாதிரி சுற்றிக் கட்ட வேண்டும். இழுத்தபோது போதகர் ஒரு வார்த்தை சொன்னார். அது எந்தப் பிரசங்கத்திலும் வராத வார்த்தை.

கட்டு முடியும்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், கிரேனைச் சட்டையோடு பிடித்துக்கொண்டு.

"இவன்தானே முதல்ல கை வெச்சது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இவர்தான்" என்றார் போதகர். "எனக்காகச் சொல்லலை சார், எனக்குன்னு எதுவுமே கிடையாது. சபைக்காகச் சொல்றேன். ஒரு காரணமும் இல்லாம, ஒரு பெரியவர் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கும்போது வந்து அடிச்சிருக்கார். கேஸ் போடுங்க. சபையிலேர்ந்தும் நீக்கிடறோம்."

"கேஸ்னு ஒண்ணு விழுந்தா யார்டுல சீட்டுக் கிழிச்சிருவாங்க" என்றான் கிரேன். கெஞ்சலாகச் சொல்லவில்லை. தகவல் போலச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் மாவுக்கட்டுக்காரரைப் பார்த்தார். "அடி வாங்கினது நீங்க. நீங்க சொல்றதுதான். காரணம் ஏதாச்சும் உண்டா?"

வாசலில் பெஞ்சு முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் அவன மன்னிச்சிட்டேன்" என்றார்.

பெஞ்சிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. "என்ன தாழ்மை!" என்றார் போதகர், கண்கலங்கி. "பாத்துக்குங்க, இதான் ஊழியம்." யாரோ ஒரு அம்மா அழுதாள். கிடைத்துவிட்டது, இருபத்தாறு வருஷமாகக் கிடைக்காதது, முகம் பாதி உடைந்த பிறகு. ஒலிபெருக்கி ஒன்றுதான் குறை. அது எவ்வளவு இனிக்கிறது என்பதை அவர் கவனித்தார். கவனித்ததும் வாயில் ரத்தம் கசப்பதும் தெரிந்தது.

"ஆனா கேஸ் கேஸ்தான்" என்றார் போதகர். "மன்னிப்பு வேற, ஒழுங்கு வேற."

"கைய மொதல்ல பாக்கறேன்" என்று மாவுக்கட்டுக்காரர் கிரேனை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

கை பூசணிக்காய் போல இருந்தது. எலும்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. விரலை மடக்கி, கீழிருந்து மேலே ஒரே தள்ளாகத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். தள்ளினார். 'களக்' என்றது. கிரேன் பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவையோ அக்காவையோ கூப்பிடாமல், தன் இடது கையின் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை மன்னிச்சீங்களாமே" என்றான், மெதுவாக. "நான் கேக்கலயேண்ணே. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

அவர் துணிச்சுருளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்.

"இது மட்டும் சொல்லுங்க. என் பேர நீங்க எழுதவே இல்லையா? எழுதிட்டு எடுத்துட்டீங்களா?"

அவர் துணியைச் சுற்றினார். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கைக்கு ஒரு சாண் கீழேவரை. மாவுக்கட்டு இறுகும்போது சூடாகும். ஐந்து நிமிஷம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இன்னொரு மனிதனின் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் அந்தக் கேள்வி அவர் கைக்குள்ளேயே சுட்டுக்கொண்டிருந்தது. எழுதவே இல்லை என்றால் மறதி. மறதிக்கு யாரும் சிறை போக வேண்டாம், யாரும் வெட்கப்படவும் வேண்டாம். மறந்துட்டேன்ப்பா என்று ஒரு வார்த்தை. மன்னித்த பெருமையும் கையிலேயே இருக்கும்.

கட்டு இறுகியதும், தேதியும் எந்த எலும்பு என்பதும் அதன் மேல் எழுத வேண்டும் என்பது அறையின் வழக்கம். அழியாப் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். தேதி. எலும்பு. கை அதோடு நிற்கவில்லை. கட்டைத் திருப்பி, முன்கையின் அகலமான பக்கத்தில், பெரிய எழுத்தில், நன்றியுரைக் கவரில் எழுதும் அதே கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்து விலகி நின்றார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து உரக்கவே வாசித்தார்: "'பன்னிரண்டாவது பெயர் இவருடையது. வாக்குக் கொடுத்திருந்தேன். இவரை நீக்கிவிட்டு என்னை எழுதிக்கொண்டேன். காரணம் இல்லாமல் இவர் அடிக்கவில்லை.' கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

அழுத அம்மா மூக்கைச் சிந்துவதை நிறுத்தினாள்.

"எளியவன்!" என்றது மாமனாரின் குரல் வெளியே. அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

போதகர் எட்டுக் கட்டுக்குள் விறைப்பாக நின்று, முகம் சிவந்து, "உண்மையில் தவறு என்னுடையது. பன்னெண்டுன்னு சட்டம் போட்ட நான்தான் எல்லாருக்கும் மேல குற்றவாளி..." என்று தொடங்கினார்.

"பாஸ்டர்" என்றார் மாவுக்கட்டுக்காரர், "இதையாவது எனக்கு விட்டுக்கொடுங்க."

போதகர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கேஸ் வேண்டாம் சார்" என்றார். மனதாரச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

"அதானே பார்த்தேன்" என்று இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். "நன்றியுரையில பேர நீக்கினதுக்கு எங்ககிட்ட சட்டப் பிரிவே கிடையாது."

கிரேன் தன் கையைத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"இத நாலு வாரம் நான் சுமக்கணுமா?"

"வேணாம்னா சொல்லு. மேல ஒரு சுத்து சுத்தி மறைச்சிடறேன்."

"சுத்தாதீங்க. மாமனாருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

வழக்கமான வாக்கியத்தைச் சொல்ல மாவுக்கட்டுக்காரர் வாயைத் திறந்தார். வரவில்லை. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி என்று அவனிடம் சொல்லும் யோக்கியதை அன்று அவருக்கு இல்லை.

நாலு வாரமும் அந்த எழுத்து ஊரைச் சுற்றியது. டீக்கடையில், யார்டு வாசலில், சலூன் கண்ணாடியில் இடவலமாக, கிரேன் கையை நீட்டிய இடத்திலெல்லாம் படிக்கப்பட்டது. சந்தையில் அவரை "என்ன எளியவரே, ஆளையே காணோம்?" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு இருந்த பெயர் போய் இந்தப் பெயர் வந்துவிட்டது. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் சட்டையை இஸ்திரி போட்டு அவர் கையில் கொடுக்கும்போது, பெட்டியை மெதுவாக வைத்தாள்.

நாலாவது வாரம் ரம்பத்தால் கட்டை அறுத்து எடுத்தபோது, எழுத்து இருந்த பாதியைக் கிரேன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நின்றுபோன விழாவை மறுபடி நடத்தினார்கள். இம்முறை மர பெஞ்சு, தரையோடு ஆணி அடித்தது. பன்னிரண்டு என்ற சட்டத்தைப் போதகர் சத்தமில்லாமல் விட்டுவிட்டார். நன்றியுரை நான் சொல்லவில்லை, கிரேன் சொல்லட்டும் என்று மாவுக்கட்டுக்காரர் சொன்னபோது மூப்பர்கள் காதைத் தடவிக்கொண்டார்கள். ஆனால் மறுத்துச் சொல்ல யாருக்கும் எலும்பு மிச்சமில்லை.

கிரேன் நாற்பது நிமிஷம் நன்றி சொன்னான். தண்ணீர் தூக்கிய பெண்கள், கலவை குழைத்தவர்கள், கான்ட்ராக்டர், தலைமையாசிரியர் (இருவரையும் ஒரே மூச்சில், எது முதல் என்று தெரியாதபடி), ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர், கேஸ் போடாத இன்ஸ்பெக்டர், வளைந்த மைக் ஸ்டாண்டை நிமிர்த்தித் தந்த கடைக்காரர், "என் பேர் சொல்லிக் கூப்பிடுற என் மாமனார்" என்று ஒருவரையும் விடவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. கூட்டம் முழுக்க அதைக் கவனித்தது. ஒவ்வொரு தலையாக மாவுக்கட்டுக்காரர் பக்கம் திரும்பியது. சிலர் பெஞ்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்கள். கிரேன் "அவ்ளோதான்" என்று சொல்லி இறங்கினான். மாவுக்கட்டுக்காரரின் வலது கை மடியில் முஷ்டியாக இருந்தது. ஆறியும் ஆறாத கன்னம் துடித்தது. முடிவு ஜெபம் முடியும்வரை அவர் அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் செருப்புத் தேடப் போன பிறகு, பின்புறக் குழாயடியில் கிரேன் வந்து பக்கத்தில் நின்றான்.

"வேணும்னேதான் விட்டேன்ணே."

"தெரியும்."

"எப்படி இருந்துச்சு?"

"கை எழுந்துச்சுப்பா. உன் மூஞ்சில ஒண்ணு விடணும்போலதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், குத்தினா என் கை உடையும். அதுக்கு ஒழுங்கா ஒரு கட்டுப் போட இந்த ஊர்ல என்னை விட்டா ஆளில்ல."

கிரேன் குழாயை மூடிவிட்டு ஓவென்று சிரித்தான். சிரித்து முடித்து, கோணலாகச் சேர்ந்திருந்த சுண்டுவிரலோடு அந்தப் பெரிய கையை நீட்டி அவர் தோளில் வைத்தான்.

"சரிண்ணே. முடிஞ்சது" என்றான். "பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி."

மாவுக்கட்டுக்காரர் பழக்கதோஷத்தில், யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. மைக்கை எப்போதோ அணைத்துவிட்டிருந்தார்கள்.